இலக்கத்தகடு தெரிந்தால் போதும், தீர்ப்புத் தயார்

2021 மார்ச் 20ஆம் திகதி, சனிக்கிழமை காலை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அன்று மட்டும் 14 உயிர்கள் போயின. மலையிலிருந்து உருண்டு வந்த பாறை வீதியில் பாதியை அடைத்துக் கிடந்தது. எதிரே ஒரு டிப்பர். மிச்சமிருந்த இடுக்கில் விலகிப் போக முயன்றபோதுதான் பஸ் விளிம்பைத் தாண்டியது. விபத்தைக் காட்டும் காணொளி உடனே கைபேசிக்குக் கைபேசி பரவியது. சில வினாடிக் காட்சிதான். அதற்குள் டிப்பர்காரன் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, பஸ்காரன் பொறுத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அந்தப் பாறையை ஏன் யாரும் அகற்றாமல் விட்டார்கள் என்ற கேள்வி இந்த இரைச்சலுக்கு நடுவே மெலிதாகத்தான் கேட்டது.

வாகனக்காரர்களின் இணையக் குழுக்களே வேண்டாம் என்று இதை வைத்து முடிவுகட்டுவது அநியாயம். அவற்றின் அருமை மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில், "அண்ணே, நமுனுகுல ரோட்டு தெறந்திருச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ஒத்தப் பக்கம் மட்டும் விடுறாங்க தம்பி, பாத்து வாங்க" என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். எந்த அறிவிப்பும் இவ்வளவு வேகமாக வராது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டையே உலுக்கியபோது எந்த பெற்றோல் செட்டுக்கு பவுசர் வந்திருக்கிறது என்று சொன்னவையும் இந்தக் குழுக்களே. அந்த ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து ஊற்றிய நாட்களில் பலருடைய பிழைப்பு அந்தச் செய்தியை நம்பித்தான் ஓடியது.

ஆனால் அந்த எரிபொருள் வரிசையில்தான் இன்னொரு பழக்கமும் வேர்விட்டது. முன்னால் நிற்பவர் வரிசை தாண்டியதாகச் சந்தேகம் வந்தால் போதும், வண்டியின் இலக்கத்தகட்டைப் படம்பிடித்துக் குழுவில் போட்டுவிடுவது. அட்டை 2023 செப்டெம்பரில் நின்றுபோனது. பழக்கம் நிற்கவில்லை.

இந்தக் குழுக்களில் மூளும் சண்டைகள் இவ்வளவு சூடாக இருப்பதற்கு இலங்கைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வாசலில் நின்ற பழைய அல்டோவும் வெகன் ஆரும் வெறும் வண்டிகளாக இருக்கவில்லை, குடும்பத்தின் சொத்தாகிவிட்டன. ஒரு மாடலைப் பற்றிக் குறை சொன்னால் அதை வைத்திருப்பவரின் சொத்து மதிப்பில் கைவைத்ததாக அர்த்தம்! ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் வண்டிகளின் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி மலை ஏற்றத்தில் சூடாகிறது என்று ஓர் உரிமையாளர் எழுதினால், "ஓட்டத் தெரியாதவன்" என்று பத்துப் பேர் பாய்வார்கள். அதில் விற்பனைக்காரர் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. 2013 கடைசியிலிருந்து ஓராண்டுக்குள் ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டாவே ஜப்பானில் ஐந்து முறை திரும்ப அழைத்தது. அவற்றில் சில அந்தக் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக. நிறுவனத்தின் தலைவர் மூன்று மாதம் தம் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். தயாரித்தவர் ஒப்புக்கொண்டதை வாங்கியவர் வாய்திறந்து சொல்ல முடியாத இடத்தை உரிமையாளர் குழு என்று எப்படிச் சொல்வது?

குழு சிறிதாக இருந்தபோது இப்படி இல்லை. பசறையில் டிமோ பட்டா சிறு லொறி ஓட்டுகிற நாற்பது பேர் சேர்ந்த குழுவில் யார் எந்தத் தோட்டம், யார் வண்டி எந்த கராஜில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று ஏசினால் நாளை பஸ் நிலையத்தில் முகம் பார்க்க வேண்டும். தோட்டத்து ஒற்றைப் பாதையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதும் இந்த முகதாட்சணியத்தால்தான். வட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 2016இல் 256 ஆனது, 2022இல் 1,024 ஆனது. பேஸ்புக்கில் அந்த வரம்பும் இல்லை. அட்மின்களோ உறுப்பினர் எண்ணிக்கையைப் பட்டம் போலச் சூடிக்கொள்கிறார்கள். ஆள் சேரச் சேர முகதாட்சணியம் கரைகிறது. அந்த இடத்தில் வேறெதையும் யாரும் வைப்பதில்லை.

வீதித் தகராறு இந்த நாட்டில் எங்கே போய் முடியும் என்பதற்கு 2018 சாட்சி. அந்த பெப்ரவரியில் தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கினார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த நாட்களில் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. இதை அறிந்த அட்மின்கள், ஒரு முந்திச்செல்லல் சண்டையின் கீழே சாரதியின் பெயரை வைத்து இனத்தை ஊகிக்கும் முதல் பின்னூட்டம் விழுந்ததுமே அந்தப் பதிவை இறக்கிவிட வேண்டும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்துவிட்டதே என்று சிலர் சொல்லலாம். நியாயமான விமர்சனத்தையும் அடக்கும் என்று ஆரம்பத்திலேயே பெயர் வாங்கிய சட்டம் அது. அதைக் காட்டிப் பயமுறுத்தி ஒரு குழுவில் மரியாதையை வளர்க்க முடியாது.

இந்தியாவில் 2004இல் தொடங்கிய டீம்-பிஎச்பி வாகன ஆர்வலர் சமூகம் வேறு வழியில் போனது. சேர விரும்புகிறவர் விண்ணப்பம் எழுத வேண்டும், நிராகரிக்கப்படுகிறவர்களும் உண்டு. மட்டுறுத்துநர்கள் ஓயாமல் வாசிக்கிறார்கள், வரம்பு மீறிய பதிவுகளை நீக்குகிறார்கள். திமிர் பிடித்த இடம் என்று அதைத் திட்டுவோரும் இருக்கிறார்கள். இருந்தும், வண்டி வாங்குமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுவோர் ஏராளம்.

பசறை இருக்கும் ஊவா மாகாணத்தின் குழுக்கள் அவ்வளவு கண்டிப்புக் காட்ட வேண்டியதில்லை. இருநூறு பேரைத் தாண்டினால் பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று பிரிந்துவிடலாம். விபத்து நடந்தால் குழுவில் வர வேண்டியது வீதி திறந்திருக்கிறதா, காயப்பட்டவரை எங்கே கொண்டுபோனார்கள் என்பது மட்டும்தான். காணொளி வைத்திருப்பவர் பொலிசிடம் கொடுக்கட்டும். விதி மீறும் வண்டிகளைப் படத்தோடு முறையிட பொலிசின் ஈ-டிராபிக் செயலி இருக்கிறது. விற்பனைக்காரர் தன்னை விற்பனைக்காரர் என்று சொல்லிவிட்டே பேச வேண்டும்.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பது என்பதுதான் இழுபறி. அட்மின்களில் பலர் பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டோ கராஜில் நின்றுவிட்டோ வருகிறவர்கள். இரவு பதினொரு மணிக்கு மூளும் சண்டைக்கு அவர்கள் விழித்திருக்க முடியாது. உதிரிப்பாகக் கடைகளும் லீசிங் நிறுவனங்களும் இந்தக் குழுக்களில் இலவசமாக விளம்பரம் போடுகின்றன. அவற்றிடம் மாதம் ஒரு தொகை வாங்கி, தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு அதைச் சம்பளமாகக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.