வினிகர் பாட்டிலும் அம்மாவும்

காலேஜ் வாசல் ஃபாஸ்ட்ஃபுட் வண்டியில, ஃப்ரைடு ரைஸ் தட்டுக்குப் பக்கத்துல பச்சை மிளகாய் மிதக்கிற ஒரு பாட்டில் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? வினிகர். கெமிஸ்ட்ரி லேப் பாஷையில், தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலம். நூடுல்ஸுக்குப் புளிப்பு ஏத்துற இந்தச் சமாச்சாரம் ஒரு புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்னு சொன்னா நம்புவீங்களா? நம்புங்க ஃப்ரெண்ட்ஸ். அதுவும், அதை வெச்சு உயிரைக் காப்பாத்த முடியும்னு உலகத்துக்கு நிரூபிச்சுக் காட்டின இடங்களில் ஒண்ணு, நம்ம திண்டுக்கல் மாவட்டம்!

மேட்டர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ‘ஐயே, இது லேடீஸ் சமாச்சாரம்’னு பக்கத்தைத் திருப்பப் போற பசங்களே, கொஞ்சம் நில்லுங்க. உங்க வீட்டிலும் அம்மா இருக்காங்க இல்லையா? இது உங்களுக்கும்தான். இந்தியாவில் 2022-ம் வருஷம் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தாங்கன்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கணக்கு சொல்லுது.

காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். இதைக் கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்டு ட்ஸூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க. தாம்பத்திய உறவு மூலம் தொற்றுகிற ரொம்பச் சாதாரண வைரஸ் இது. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே இதைத் துரத்திடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயில் இருக்கும் செல்களை மெள்ள மெள்ள மாற்றும். அது புற்றுநோயாக முற்ற 10, 15, ஏன், 20 வருஷம்கூட ஆகலாம். இவ்வளவு தாராளமா டைம் கொடுக்கிற நோய் அபூர்வம். அரியர் எழுத இத்தனை சான்ஸ் எந்த யுனிவர்சிட்டியும் தராது!

ஒரே சிக்கல், இந்த வருஷங்களில் வலி இருக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் அதைத்தான் செஞ்சாங்க. நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளை குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயசு வரையிலான பெண்களுக்கு ஒரே ஒரு தடவை பரிசோதனை. செஞ்சது பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்லை, பயிற்சி பெற்ற நர்ஸ்கள். 4 சதவிகித அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கணும். மாறிப்போன செல்களில் புரதம் அதிகம்; அமிலம் பட்டதும் அந்த இடம் திட்டாக வெளுத்துப் போகும். அவ்வளவுதான்! ‘வி.ஐ.ஏ.’ன்னு இதுக்குப் பேர். (வீட்டு வினிகரை வெச்சு யாரும் விஷப்பரீட்சையில் இறங்க வேணாம். இது ஆஸ்பத்திரி வேலை.)

ரிசல்ட் 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பரிசோதனை நடந்த பிரிவில் இந்த நோயால் வந்த சாவுகள் 35 சதவிகிதம் குறைவு. இன்னொரு பிரிவுப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை தராமல் ஒப்பிட்டது நியாயமா என்று பின்னால் சர்ச்சையும் எழுந்தது. என்னைக் கேட்டால், அது கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கு. டெஸ்ட் செய்துகொண்ட 31,343 பேரில் 3,088 பேருக்கு ‘பாசிட்டிவ்’. அதாவது, நூற்றுக்குப் பத்து பேர். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பாதி உயிர் போயிடும். ஆனா, பாசிட்டிவ்னா புற்றுநோய்னு அர்த்தமில்லை. ‘இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கணும்’னு அர்த்தம். கால்போஸ்கோப் என்கிற உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பாங்க. சந்தேகமான இடத்தில் துளியூண்டு சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்பாங்க, அதுதான் பயாப்ஸி. நோய் இருக்கா இல்லையானு தீர்ப்பு சொல்றது அதுதான். மாற்றத்துக்கு மூணு படி வெச்சிருக்காங்க. முதல் படி பெரும்பாலும் தானாகவே சரியாகிடும். ரெண்டும் மூணும்தான் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவியோ எடுத்துடலாம். ‘கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்க’ என்கிற பயம் பெரும்பாலும் வீண்.

மனசைப் பிசையற விஷயம், அங்கே இந்த மூணு படிகளில் ஏதாவது ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பேரில் 72 சதவிகிதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கிட்டாங்க. அங்கேயே சிகிச்சை தர ஏற்பாடு இருந்தும்! மிச்சப் பேர் ஏன் எடுத்துக்கலை? ‘எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே’, ‘வீட்டுல கேட்கணும்’... நம்ம வீட்டில் கேட்காத வசனமா இது?

இப்போ டெஸ்ட் இன்னும் முன்னேறிடுச்சு. வைரஸையே கண்டுபிடிக்கிற ஹெச்.பி.வி. டெஸ்ட்டைத்தான் 2021-லிருந்து உலக சுகாதார அமைப்பு முதலில் சிபாரிசு செய்யுது. இதுக்கான சாம்பிளைப் பெண்களே தனியா எடுத்துத் தரலாம், கூச்சப்படுறவங்களுக்கு அது வரம். மாதவிடாய் நின்றவங்களுக்கு வி.ஐ.ஏ. சரியா காட்டாது, அவங்களுக்கு இதுவோ, பாப் ஸ்மியரோதான் பொருத்தம். எது வேணும்னு டாக்டர் சொல்வார்.

தோழிகளே, உங்க வயசுக்கு இந்த டெஸ்ட் இன்னும் தேவையில்லை, தடுப்பூசி பத்தி விசாரிங்க. 9 முதல் 14 வயசில் போடுறதுதான் பெஸ்ட் என்றாலும், 26 வரை போடலாம். ஊசி போட்டாலும் 30-க்கு மேல் டெஸ்ட் உண்டு.

ஆனா, அம்மா? தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 30 வயசைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இருக்கு. இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயசுக்குள் என்றைக்காவது இதைச் செய்துகொண்ட தமிழ்நாட்டுப் பெண்கள் நூற்றுக்குப் பத்து பேர்தான். இந்திய அளவில் ரெண்டு பேர்கூட இல்லை!

“எனக்கென்னடி கேடு, நல்லாத்தானே இருக்கேன்?”னுதான் அம்மா ஆரம்பிப்பாங்க. “நல்லா இருக்கும்போது பார்க்கிற டெஸ்ட்தாம்மா இது”ன்னு சொல்லுங்க. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துட்டுப் போகணும், மயக்க ஊசி கிடையாது, சில நிமிஷ வேலை, கொஞ்சம் அசௌகரியமா இருக்கும் என்பதையும் மறைக்காமச் சொல்லிடுங்க. இடையிடையே ரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்னு ஏதாவது இருந்தா, டெஸ்ட் முகாமுக்காகக் காத்திருக்காம நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. பசங்க உள்ளே போக முடியாது, சரி. பைக்ல கொண்டு போய் இறக்கிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த விசிட்டுக்குச் சீட்டுல எழுதித் தர்ற தேதியை உங்க செல்போன்ல போட்டு வெச்சுக்குங்க. அம்மா மறந்த மாதிரியே இருப்பாங்க.