கரண்ட் வந்தது... பதிவு எங்கே போனது?

ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வாடகை வீடு, லேத் பட்டறை, மளிகைக் கடை என்று எங்கே திரும்பினாலும் இப்போது சிசிடிவி. பழைய கம்ப்யூட்டரில் நாலைந்து ஹார்டு டிஸ்க் மாட்டி, அதையே சர்வராக்கி இரவும் பகலும் ஓட விடுகிறவர்களும் உண்டு. திருட்டு நடந்து போலீஸ் பதிவைக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்: மூன்று நாள் முன்பு கரண்ட் போய் வந்ததிலிருந்து பெட்டி எதையுமே பதியவில்லை! (2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்த ஊர் வடக்குப்பட்டு. மண்ணுக்கடியில் அவை பத்திரமாகத்தான் இருந்தன.)

பழி உடனே டிஸ்க் மேல் விழும். பல நேரம் குற்றவாளி, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் அல்லது அடாப்டர்தான்.

கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதே கதை. ஓடிக்கொண்டிருக்கும் 3.5 அங்குல டிஸ்க் சுமார் 5 முதல் 8 வாட் வரை எடுக்கும். ஒரு எல்இடி பல்பு அளவு. ஆனால் நின்றிருக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்துக்கு ஏற்ற, முதல் சில நொடிகள் 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். நான்கு டிஸ்க் என்றால், ஓடும்போது 30 வாட்டுக்குள் அடங்குவது கிளம்பும்போது 100 வாட்டை நெருங்கும். 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரால் தர முடிந்ததே 60 வாட்தான். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெட்டி, கரண்ட் திரும்பும் நேரத்தில் படுத்துக்கொள்வது இதனால்தான்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 450 வாட்டை நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் 216 வாட்தான். எட்டு டிஸ்க் கிளம்பவே 16 ஆம்பியர் போய்விடும். பிராசஸர் எதைச் சாப்பிடும்? சில சர்வர் போர்டுகளில் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருக்கிறது. இருந்தால் அவசியம் ஆன் செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்து, மலிவான பிரிப்பான் கேபிள். ஒரு சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர். அதிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரித்தால், கிளம்பும்போது 8 ஆம்பியர் பாயும். பிளாஸ்டிக் உருகி டிஸ்க்கோடு சேர்த்து எரிந்த கதைகள் உண்டு.

மின் கட்டணமா? இடைவிடாத 30 வாட், இரண்டு மாதத்தில் 43 யூனிட். 

கேமரா மாட்டியவர் கிளம்பும் முன் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். எல்லா டிஸ்க்கும் திரையில் வந்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.