வெயில் விழும் அறை யாருக்கு?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்ள வேண்டும், புண்ணை எவ்வாறு பேண வேண்டும், மீண்டும் எந்நாளில் வர வேண்டும் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். வீட்டில் எந்த அறையில் படுக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அதனை வீட்டாரே தீர்மானிக்கின்றனர்.

அத்தீர்மானம் நம் வீடுகள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே வகையாகவே அமைகிறது. வீதியை நோக்கிய முன்னறை விருந்தினருக்கு உரியதாகிறது. நல்ல நாற்காலிகளும், கண்ணாடிப் பேழையில் அடுக்கிய பொம்மைகளும், தரைவிரிப்பும், தொலைக்காட்சியும் அங்கே இடம் பெறுகின்றன. நோயாளிக்கு வாய்ப்பது பின்கட்டில் உள்ள சிறிய அறை. அவ்வறையில் ஏற்கெனவே அரிசி மூட்டையும், பழைய பெட்டிகளும், விருந்தினர் கண்ணில் படக் கூடாதென்று ஒதுக்கிய பொருள்களும் இருக்கும். அவற்றினிடையே ஒரு கட்டிலும் போடப்படுகிறது.

இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. சத்தமின்றி ஓய்வெடுக்கட்டும் என்ற அன்பினால்தான் பலரும் இவ்வாறு செய்கின்றனர். ஆயினும் இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும் காலம்வரை, வெயிலும் காற்றும் நன்கு வரும் அறை அவருக்கே உரியது. வீட்டின் அலங்காரமும் ஒழுங்கும் வருவோரின் பார்வைக்காக அன்றி, அவருடைய ஒரு நாளை எளிதாக்குவதற்காக அமைய வேண்டும்.

பழனி மலையில் வாழும் நமக்கு இக்கருத்து புதியதன்று. இம்மலைகளில் பளியர் முதலிய பழங்குடியினரும், பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் போன்ற ஊர்களின் உழவர்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். கொடைக்கானல் நகரமோ நோயிலிருந்து தப்பவும் உடல் தேறவும் கட்டப்பட்ட வீடுகளிலிருந்து தொடங்கியது. மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்தபின், சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள இவ்விடத்தைத் தேடி வந்து, 1845ஆம் ஆண்டில் முதல் இரண்டு வீடுகளை எழுப்பினர். அவற்றுள் ஒன்றின் பெயர் ஷெல்டன். மற்றொன்றின் பெயர் சன்னிசைடு. சன்னிசைடு என்றால் வெயில் படும் பக்கம் என்று பொருள். நோய்க்கு அஞ்சி மலையேறியவர்கள் கட்டிய வீட்டின் பெயரிலேயே வெயில் இருக்கிறது.

அந்நூற்றாண்டிலேயே, செவிலியர் பணிக்கு வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் நோயாளர் பராமரிப்பு குறித்து ஒரு நூல் எழுதினார். நோயாளிக்கு முதல் தேவை தூய காற்று என்றும், அதற்கு அடுத்த தேவை வெளிச்சம் என்றும் அந்நூலில் அவர் வலியுறுத்தினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், டாக்டர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வு இல்லமும் நல்ல காற்றையும் திறந்த வெளியையுமே பெரிதும் நம்பியது. இன்று காசநோயைக் குணப்படுத்துபவை மருந்துகளே. அதில் ஐயமில்லை. ஆனால் மருந்து வந்துவிட்டதனால் காற்றும் வெளிச்சமும் வேண்டாதவை ஆகிவிடவில்லை.

இதனை ஓர் ஆய்வும் காட்டியது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர், பித்தப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றப் பாதிப்பேருக்குத் தெரிந்தது ஒரு செங்கற்சுவர். மரங்களைப் பார்த்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆயினும் உலகெங்கும் மருத்துவமனை கட்டுவோரைச் சிந்திக்க வைத்த ஆய்வு.

கொடைக்கானலில் தங்கும் விடுதிகள் இவ்வுண்மையை நன்கு அறிந்து வைத்திருக்கின்றன. பள்ளத்தாக்குத் தெரியும் அறைக்குக் கட்டணம் அதிகம். வெளியூரார் ஓர் இரவு தங்கி மலையைப் பார்ப்பதற்குப் பணம் கொடுக்கின்றனர். நம் வீட்டு நோயாளியோ அம்மலையின் நடுவிலேயே படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருக்கிறார்.

மலைநாட்டு வீட்டில் வெயில் விழும் அறையை நோயாளிக்குத் தர வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் சூரியனைக் காண்பதே அரிது. மூடுபனி சன்னல் வழியே உள்ளே நுழையும். இக்காலத்தில் வெயில் படாத பின்னறைச் சுவர்களில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கும் நுரையீரல் நோயுள்ளவருக்கும் இப்பூஞ்சணம் இருமலையும் மூச்சிரைப்பையும் கூட்டும்.

அழகுக்காக நாம் சேர்க்கும் கனத்த திரைச்சீலைகளும் தடித்த தரைவிரிப்புகளும் இந்த ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நோயாளியின் அறைக்கு மெல்லிய பருத்தித் திரையே போதும். அதனை வாரம் ஒருமுறை துவைத்துவிடலாம். ஈரத் துணிகளை அவ்வறையில் கொடி கட்டி உலர்த்துதல் கூடாது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் சுவர் உலரும். வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரமேனும் சன்னலைத் திறந்து வைத்து, போர்வையையும் தலையணையையும் வெளியே காய வைத்தல் நன்று.

குளிரைப் போக்க நாம் கையாளும் வழிகளைப் பற்றியும் கூற வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடியற்காலையில் உயிரற்றுக் கிடந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் குமட்டலும் முதலில் தோன்றும். உறங்குபவருக்கு அவையும் தெரியாமற்போகும். ஆகவே படுக்கையறையில் கரியடுப்பு ஒருபோதும் கூடாது. குளியலறைக்குள் பொருத்திய எரிவாயு கீசருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். பிராணவாயு செலுத்தப்படும் நோயாளியின் அறையில் கணப்பு, விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி என எவ்வகை நெருப்பும் இருத்தலாகாது.

பூம்பாறை முதலிய ஊர்களில் விளைந்த மலைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு, புகை மூட்டிப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பயிர் அது. எனினும் நுரையீரல் நோயாளி வாழும் வீட்டில் அப்புகை வேறு கொட்டகைக்கு மாற வேண்டும். பூண்டு கெட்டால் அடுத்த ஆண்டு விளையும். நுரையீரல் அவ்வாறு விளைவதில்லை.

வெந்நீர்ப் பையிலும் கவனம் தேவை. நீண்டகால நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். சூடு பட்டுத் தோல் கொப்புளித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும் முன் பையை எடுத்துவிடுதலே நல்லது. கம்பளிக் காலுறை அவருக்குப் போதும்.

இனி ஒழுங்கு பற்றிப் பார்ப்போம். விருந்தினர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பல பொருள்கள் நடை தளர்ந்தவருக்கு இடர்களாகின்றன. விளிம்பு சுருண்ட கால்மிதி, வழுவழுப்பான தரை, நடுக்கூடத்தில் போட்ட கண்ணாடி மேசை, தரையில் ஓடும் மின்கம்பி ஆகியவற்றுள் எதுவும் ஒருவரை வீழ்த்திவிடும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழையபடி நடப்பது பலருக்கும் அரிதாகிறது. நம் மலைவீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. அறைக்கு அறை படி உண்டு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் வண்ணம் ஒரு கோடாகத் தீட்டினால் மங்கிய கண்ணுக்கும் அது தெரியும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஒரு விடிவிளக்கு எரியட்டும். கழிப்பறையில் உறுதியான கைப்பிடி பொருத்தப்படட்டும். துண்டு போடும் கம்பி ஒருவரின் எடையைத் தாங்காது. கட்டிலில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதும் பதிய வேண்டும். இவை எவையும் பெருஞ்செலவுக்குரியவை அல்ல.

வீட்டை ஒழுங்குபடுத்துவோர் அடிக்கடி மறக்கும் செய்தி ஒன்று உண்டு. நோயாளியின் பொருள்களை அவரைக் கேளாமல் இடம் மாற்றுதல் கூடாது. நோய் ஒருவரிடமிருந்து ஏற்கெனவே பலவற்றை எடுத்துக்கொள்கிறது. எப்போது உண்பது, எப்போது குளிப்பது, யார் தம்மைத் தொடுவது என்பனவற்றைக்கூடப் பிறர் தீர்மானிக்கும் நிலை வருகிறது. இந்நிலையில் தம் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கும் என்பதேனும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலருகே ஒரு சிறு மேசையில் தண்ணீர், கண்ணாடி, கைப்பேசி, ஓர் அழைப்பு மணி ஆகியவை அவர் சொன்ன இடத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளையின் படமோ, சாமி படமோ, பழைய வானொலிப் பெட்டியோ, எதனை எங்கே வைப்பது என்று அவரே கூறட்டும். நமக்குக் குப்பையாகத் தோன்றும் பழைய தகரப்பெட்டி அவருக்கு ஐம்பது ஆண்டு வாழ்க்கையாக இருக்கலாம். மருந்துகளை மட்டும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், வேளைவாரியாகப் பிரித்து வையுங்கள். அதில் குழப்பத்துக்கு இடம் தரலாகாது.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். எங்கள் வீடே ஓர் அறைதான், முன்னறைக்கு எங்கே போவது என்று சிலர் கேட்பர். அவ்வீட்டிலும் வெயில் விழும் மூலை ஒன்று இருக்கும். கட்டிலை அங்கே திருப்பிப் போடுதல் போதும். பகலில் இரண்டு மணி நேரம் வாசலில் ஒரு நாற்காலி இடுவதும் போதும்.

வருவோர் தொல்லை தருவார்களே என்பது மற்றொரு மறுப்பு. அது மெய்தான். அதற்கு ஒரு திரையும், பார்வையாளர் வரும் நேரத்துக்கு ஒரு வரையறையும் தீர்வாகும். தொற்றுநோய் உள்ளவர்க்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கும் தனியறை தேவைப்படலாம். அதனை மருத்துவர் கூறுவார். அத்தனியறையும் காற்றோட்டமுள்ள அறையாக இருத்தல் வேண்டும். நோயாளியே தனிமையை விரும்பினால் அவர் விருப்பமே முடிவு. எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அவ்வாசை நோயுற்றவருக்கும் உண்டு. நாம் எதிர்ப்பது அவரைக் கேளாமல் பின்கட்டுக்கு அனுப்பும் வழக்கத்தையே.

பராமரிப்போரின் நலத்துக்கும் இம்மாற்றம் உதவும். நோயாளி பின்னறையில் இருந்தால் வீட்டுப் பெண்மணி ஒரு நாளில் எத்தனை முறை அடுக்களைக்கும் அவ்வறைக்கும் நடக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். முன்னறையில் இருந்தால் போகிற வருகிற எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பர். ஒரு சொல் பேசுவர். சுமை ஒருவர் தோளிலேயே தங்காது. நோயாளியும் வீட்டின் வரவு செலவையும், சண்டையையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருப்பார். நோயுற்றபின்னும் அவர் அக்குடும்பத்தின் உறுப்பினரே என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழி வேறில்லை.

வீட்டுக்கு வரும் விருந்தினர் அரைமணி நேரம் அமர்ந்து, ஒரு குவளை காபி அருந்திவிட்டுச் செல்வர். நோயாளி அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் வாழ்கிறார். நல்ல அறை யாருக்கு என்ற கேள்விக்கு இக்கணக்கே விடை கூறும். உங்கள் வீட்டவர் இவ்வாரம் வீடு திரும்புவதாயின், அவர் வருமுன் ஒருநாள் காலையில் ஒவ்வோர் அறையாகச் சென்று, வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கட்டிலை அங்கே போடுங்கள். கண்ணாடிப் பேழை பின்னறைக்குப் போகட்டும்.