முதிய தாய்மார்கள் தலையில் அரசின் கடமை

நம் நாட்டில் எச்ஐவி தொற்றுடன் வாழ்வோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். 2004 ஏப்ரல் முதல் அரசின் ஏஆர்டி மையங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. எனினும் மாத்திரை மட்டுமே சிகிச்சையாகிவிடாது. அதை வேளை தவறாமல் கொடுக்கவும், வயிறார உணவளிக்கவும், காசநோயும் சேர்ந்து தாக்கும்போது இரவெல்லாம் விழித்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் அந்த ஆள், வயது முதிர்ந்த தாய். மகனும் மருமகளும் மறைந்துவிட்ட வீடுகளிலோ, பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டி.

மருந்து வாங்க மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் நாளில் அவருக்குக் கூலி இல்லை. அவரது பராமரிப்பு உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறுவதும் இல்லை. தாய்ப்பாசம் என்று புகழ்ந்துவிட்டுச் செலவை அவர் தலையிலேயே சுமத்துவது ஆளும் வர்க்கத்திற்கு வசதியான ஏற்பாடு.

இந்த மூதாட்டிக்கு ஒன்றிய அரசு தருவது என்ன? 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கான ஓய்வூதியத்தில் அதன் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் இத்தொகை உயர்த்தப்படவே இல்லை. 80 வயதைக் கடந்தால் 500 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே. சில மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து கூடுதலாக வழங்குகின்றன என்பது ஒன்றிய அரசின் பொறுப்பைக் குறைத்துவிடாது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றுள்ளோர் மட்டுமின்றி அதனால் பாதிக்கப்பட்டோரும் நலத்திட்டங்களைப் பெற வழிசெய்ய வேண்டும் என அரசுகளைப் பணிக்கிறது. ஒருவரது தொற்றை அவரின் இசைவின்றி வெளியிடுவதையும் அது தடுக்கிறது. உதவி பெறுவதற்காக மகனின் நோயை ஊரறியச் சொல்ல வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வருமானால், அச்சட்டத்தின் நோக்கமே தோற்றுவிடும். எனவேதான், எந்தச் சான்றும் கேட்காத, அனைத்து முதியோருக்குமான ஓய்வூதியத்தை நாம் கோருகிறோம். அது குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலைவாசிக்கேற்ப உயரவும் வேண்டும். ஏஆர்டி மையங்களுக்குச் செல்ல நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இலவசப் பயணம் வேண்டும்.

நமது கிளைகளுக்கும் இதில் கடமை உண்டு. ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முதிய பெண்களின் விண்ணப்பங்களை ஒவ்வொரு கிளையும் கையிலெடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியபடியே, அவர்களின் உரிமைக்கான குரலைத் தெருவில் எழுப்புவோம்.