மூன்றாவது முறை மேயர்

நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2009இல் மூன்றாவது முறையாக வென்றார். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் மேயரோ மாநகர சபை உறுப்பினரோ பதவியில் இருக்கக்கூடாது என்று 1993 வாக்கெடுப்பில் மக்களே விதித்திருந்தார்கள். அதைத் தளர்த்தலாமா என்று 1996இல் கேட்டபோதும் ‘கூடாது’ என்றே பதில் வந்தது. ஆனாலும் 2008 அக்டோபரில் மாநகர சபை 29-22 என்ற கணக்கில் இரண்டை மூன்றாக்கியது. நிதி நெருக்கடி நேரத்தில் அனுபவசாலி வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஆதரித்து வாக்களித்த உறுப்பினர்களில் பலர் அடுத்த ஆண்டு அதே விதியால் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, கவலைக்குரியதே அதுதான்.

நம் மாநகராட்சிகள் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின்படி நடக்கின்றன. நியூயார்க்குக்கோ தனிச் சாசனம் உண்டு. மேயருக்கு என்ன அதிகாரம், சபைக்கு என்ன அதிகாரம், பட்ஜெட் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைச் சபையே உள்ளூர்ச் சட்டம் போட்டுத் திருத்தலாம். வாக்காளர்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். மேயர் 9 முதல் 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்து அதன் யோசனைகளை மக்கள் முன் வைக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் அதிகாரத்தைக் குறைத்தாலோ பதவிக்காலத்தை மாற்றினாலோ மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். 2008இல் நுழைந்த சந்து இதுதான். பதவிக்காலம் நான்காண்டு, அதில் கை வைக்கவில்லை, எத்தனை முறை என்பதைத்தான் மாற்றினோம் என்றார்கள். நீதிமன்றங்களும் தடுக்கவில்லை.

2010இல் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பழைய வரம்பை மீட்டார்கள். பதவியில் இருப்பவர்கள் தங்களுக்கான வரம்பைத் தாங்களே தளர்த்திக்கொள்ள முடியாது என்ற விதியும் சேர்ந்தது. அப்போதும், ஏற்கெனவே பதவியில் இருந்த உறுப்பினர்களுக்கு மூன்று முறை என்ற சலுகை நீடித்தது!

அந்தச் சந்து அடைபட்டது. இன்னொன்று திறந்தே கிடக்கிறது. மேயரின் ஆணையம் ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்தால், சபை அனுப்பும் சாசனக் கேள்வி அந்தத் தேர்தலில் இடம்பெற முடியாது. 1998இல் யாங்கி மைதானத்தை மன்ஹாட்டனுக்கு மாற்றுவது பற்றி மக்களைக் கேட்கச் சபை முனைந்தது. மேயர் ரூடி ஜூலியானி ஆணையம் அமைத்தார். மைதானக் கேள்வி காணாமல் போனது. 2024இல் மேயரின் மேலும் பல நியமனங்களுக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்று சபை சொன்னது. மேயர் எரிக் ஆடம்ஸின் ஆணையம் அவசரமாக ஐந்து யோசனைகளைத் தயாரித்தது. மக்கள் நான்கை ஏற்றார்கள். சபையின் கேள்வியை அவர்கள் பார்க்கவே இல்லை.

ஆணையங்களே வீண் என்று சொல்ல முடியாது. நகரின் பகுதிகளில் பெரிய புரூக்ளினுக்கும் சிறிய ஸ்டேட்டன் தீவுக்கும் சம வாக்களித்த பழைய நிர்வாக வாரியத்தை 1989இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், மாற்று அமைப்பை வகுத்துத் தந்தது ஓர் ஆணையம்தான். குறை, மேயர் ஆணையத்தின் கேள்விக்குத் தரப்படும் முன்னுரிமையில் இருக்கிறது. இரண்டு கேள்விகளும் ஒரே சீட்டில் வந்தால் வாக்காளர் ஒன்றும் குழம்பிவிட மாட்டார். அந்த முன்னுரிமை மாநிலச் சட்டத்தில் இருப்பதால் நியூயார்க் நகரம் தானாக அதை நீக்க முடியாது. ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றம்தான் நீக்க வேண்டும்.