ஆறு கோழியும் ஒரு பி.காமும்

பி.காம். படித்தவனுக்குக் கோழி எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். ''கட்டுரை எழுதினா செக் எப்ப வரும்னு தெரியாது. கோழி வளர்த்தா முட்டை எப்ப வரும்னாவது தெரியும்'' என்றேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து மாதாமாதம் சம்பளம் கொண்டுவருகிறவள். அதற்கு மேல் பேசவில்லை.

நாமக்கல் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் மச்சான், 2023 ஆடி மாசம் ஆறு ஒயிட் லெகார்ன் பெட்டைகளைக் கூடையில் போட்டு சேலத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். 16 வார வயசு. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளைவெளேர்! பூர்வீகம் இத்தாலியில் லிவோர்னோ துறைமுகம். இங்கிலீஷ்காரன் வாயில் அது லெகார்ன் ஆகிவிட்டது (தூத்துக்குடி டூட்டிகோரின் ஆன கதைதான்). நாமக்கல் பக்கம் கூண்டு கூண்டாக நிற்பவை பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

வந்த அன்றே புது லெட்ஜர் போட்டேன். ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் சாப்பிடும். ஆறுக்கும் மாசம் 20 கிலோ. கிலோ 32 ரூபாய் என்று 640. நாளுக்கு 5 முட்டை வீதம் மாசம் 150. கடை விலையில் 6 ரூபாய் என்றால் 900. ஆக 260 ரூபாய் லாபம்! (என் கூலி சேர்க்கவில்லை. அதற்கு மார்க்கெட்டில் விலையே கிடையாது.)

ஆவணியில் முட்டை ஆரம்பித்தது. அப்புறம்தான் பிரச்னைகளும்.

முதல் பிரச்னை, எதிர்வீட்டு அக்கா. ''வீட்டுக் கோழின்னீங்க, முட்டை வெள்ளையால்ல இருக்கு? நாட்டு முட்டைன்னா பழுப்பா இருக்கணுமே'' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காது மடல் வெள்ளையாக இருக்கும் கோழி பெரும்பாலும் வெள்ளை முட்டைதான் போடும், ஓட்டுக் கலருக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். ''டீ டிகாக்ஷன்ல ஊறவெச்சுக் குடுங்களேன்'' என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

இரண்டாவது, லெகார்னுக்கு உடம்பு லேசு. ஒன்றரைக் கிலோதான் இருக்கும். பயந்த சுபாவம் வேறு. குக்கர் விசில் அடித்தால் காம்பவுண்டு சுவர் மேல் ஏறி நிற்கும். அப்படி அந்தப் பக்கம் குதித்த ஒன்றைத் தெரு நாய் கொண்டு போய்விட்டது. அதற்கு அப்புறம்தான் ஒரு பக்க இறக்கையில் நுனி இறகுகளை வெட்டிவிட்டேன். முதலிலேயே செய்திருக்கலாம். லெட்ஜரில் பெட்டை ஒன்று, நஷ்டம்.

மூன்றாவது பிரச்னை, அம்மா.

2022 கடைசியில் அப்பா போனதிலிருந்து அம்மா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்ப் படுத்துக்கொள்வார். கோழி வந்த மூன்றாம் நாள், கூண்டுப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அம்மா! நான் காலில் வளையம் மாட்டி ஒன்று, இரண்டு என்று நம்பர் கொடுத்திருந்தேன். அம்மா கொண்டை சாய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பெயரே வைத்துவிட்டார்.

''இந்த எடச்சாய்ச்சி இன்னிக்கு முட்டை போடலடா. ஒடம்புக்கு என்னமோ!''

ஒன்றுமில்லை. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். ஓடு கட்டவே 20 மணி நேரம். அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சம் லேட்டாகி, சாயங்காலமானதும் ஒரு நாள் லீவு போட்டுவிடும். சொன்னேன். ''பாவம், போடட்டும்'' என்று ஒரு கை கம்பு அள்ளி வீசினார். கம்பும் சோறும் போட்டால் கொழுப்பு வைத்து முட்டை குறையும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்கழியில் பகல் குறைகிறதே என்று கூண்டில் பல்பு கட்டினால் (16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும்), ''அதுங்க தூங்க வேணாமா?'' என்று எட்டு மணிக்கே அணைத்துவிடுவார்.

ஒருநாள் கேட்டார்: ''இதுங்க எப்படா அடை உக்காரும்?''

''இந்த ஜாதி அடை உக்காராதும்மா. முட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து, அந்தப் புத்தியே போயிடுச்சு. சேவலும் இல்ல.''

''அப்ப இதுங்களுக்குக் குஞ்சுன்னு ஒண்ணு கெடையாதா?''

லெகார்னைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி பேசிக்கொண்டிருந்த எனக்கு அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அம்மா கூண்டுப் பக்கமே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பண்ணைகளில் ஒன்றரை வயசு வாக்கில் கழித்துவிடுவார்கள். என் ஐந்துக்கும் அந்த வயசு தாண்டி, இறகு உதிர்ந்து, நாளுக்கு இரண்டு முட்டை என்று ஆகிவிட்டது. தீவனம் 528, வரவு 360. மாசம் 168 ரூபாய் நஷ்டம். தீவனக் காசு மனைவியுடையது. அவள் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் லெட்ஜரைப் படித்துவிட்டு மூடி வைப்பாள். 2025 தை மாசம் ஒரு வியாபாரியை வரச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவர் தராசோடு வந்தார். அம்மா திண்ணையில் இருந்தார்.

''என்னடா இது?''

''வயசாயிடுச்சும்மா. எடைக்குப் போட்டா ஏதோ கொஞ்சம் கெடைக்கும்...''

''உங்கப்பா 58 வயசுல ரிட்டையர் ஆனாரு. அப்ப அவரை எடைக்கா போட்டோம்?''

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். ''வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க தம்பி'' என்றார் அம்மா. ''சரிங்க ஆயா'' என்று குடித்துவிட்டுப் போய்விட்டார், நல்ல மனுஷர். மறு வாரம் மனைவியே ஒரு மூட்டை தீவனமும், ஓடு கெட்டிப்பட ஒரு பை கிளிஞ்சலும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

லெட்ஜர் இன்னும் இருக்கிறது. நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் தெரியாமல் பென்சிலில் எழுதி வைக்கிறேன். நேற்று எடச்சாய்ச்சி இருபது நாள் கழித்து ஒரு முட்டை போட்டது. ஓடே கட்டாத தோல்முட்டை. விற்கவும் முடியாது, வேகவைக்கவும் முடியாது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து மெதுவாக எடுத்துக்கொண்டு வந்து, என் மேஜைப் பக்கம் நின்றார்.

''ஒண்ணுன்னு எழுதிக்கோ.''

எழுதிக்கொண்டேன்.