மூலம் இருக்கட்டும்

ஒரு சித்திரக் கோப்பை ஒரு வடிவத்தினின்றும் மற்றொரு வடிவத்திற்கு மாற்றுவது இன்று பொத்தானை அழுத்துமளவுக்கு எளிதாகிவிட்டமையால், அதில் நஷ்டம் நேரக்கூடும் என்ற பிரக்ஞையே பலருக்கு இல்லாமற் போயிற்று. 1992-ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பெற்ற ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுத்து, கண் எளிதில் உணராத நுண்ணிய பேதங்களைத் துறந்து கோப்பின் பருமனைக் குறைக்கிறது. புகைப்படத்திற்கு இது உசிதமான உபாயமேயாயினும், எழுத்துக்களும் கூரிய கோடுகளும் நிறைந்த வரைபடத்தை இம்முறையில் இறுகச் சுருக்கினால், ஓரங்களிலெல்லாம் மாசு படிந்தாற்போன்ற கலக்கம் தோன்றிவிடும். 1987-இல் வந்த ஜிஃப் முறையின் வர்ணப் பட்டியலோ 256 நிறங்களுக்கு மேல் இடந்தராது. அதன் சுருக்கமுறைமீது எழுந்த காப்புரிமைத் தகராறின் விளைவாக உருவாகி, 1996-இல் அங்கீகாரம் பெற்ற பிஎன்ஜி, எதையும் இழக்காமற் காக்கவல்லதுதான். ஆயினும், ஜேபெக்கில் தொலைத்ததைப் பிஎன்ஜியாக மாற்றி மீட்டுவிடலாம் என்றெண்ணுவது வீண் பிரமை. அதனால் கோப்பு பருக்குமேயன்றிப் படம் தெளியாது. கோடுகளைக் கணித சூத்திரங்களாகவே வைத்திருக்கும் எஸ்விஜி சித்திரத்தைப் புள்ளிப்படமாக்குவது சுலபம். புள்ளிப்படத்தினின்று அதே சூத்திரங்களைத் திரும்பப் பெறுவது துர்லபம். ஆகவே அலுவலகமாயினும் அச்சகமாயினும், மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தி, தேவை நேருந்தோறும் அதனின்றே பிரதியெடுப்பதை நியமமாகக் கொள்ளவேண்டும். சேமிப்பிடம் இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் மூலத்தை அழித்துச் சிக்கனம் செய்வதற்கு நியாயமே இல்லை.